லூனாஸில் மாப்பிள்ளைக்குத் துணையிருந்த கதை

மலேசியா போகிறேன் என்றதும் பாளையங்கோட்டையில் பார்த்தவர்கள் எல்லோரும் இரட்டைக் கோபுரத்தைப் பற்றியே கேட்டார்கள். நான் போனது என் தங்கை வீட்டுக்காரர் குடியை விடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பதற்கு. இதை ரோட்டில் நிறுத்திக் கேட்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? ஆமாம், கோபுரம்தான் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

தங்கை ஸ்டெல்லா கெடா மாநிலத்தில் லூனாஸ் என்ற சின்ன ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். பக்கத்தில் குளிம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவள் வீட்டுக்காரர் சவரிமுத்து செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். செம்பனை என்றால் நாம் பாமாயில் எடுக்கிற மரம். தங்கமான மனுஷர், ஆனால் தினமும் குடிக்கிறவர். தவக்காலத்தில்கூட விடமுடியவில்லை என்று ஸ்டெல்லா போனில் அழுதிருக்கிறாள். பிறகு ஒருநாள் அவராகவே ஊர் கிளினிக்குக்குப் போய், இதை விட்டுவிட வேண்டும், வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

அங்கே சளிக்கும் சர்க்கரைக்கும் பார்க்கிற அதே டாக்டர்தான் குடிப்பழக்கத்துக்கும் பார்க்கிறார். வேறு பெரிய கோளாறு இல்லாதவர் என்றால் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதில்லை. வீட்டில் இருந்தே விடலாம். மாத்திரை உண்டு. காலையும் மாலையும் டாக்டர் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுவார். அதற்கு ஒரு நிபந்தனை. அந்த நாட்களில் பகல் முழுக்க வீட்டில் பொறுப்பான ஆள் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

ஸ்டெல்லாவுக்கு அத்தனை நாள் லீவு கிடைக்காது. மகள் கோலாலம்பூரில் படிக்கிறாள். குடும்பத்தில் வேலைவெட்டி இல்லாத பொறுப்பான ஆள் யார் என்று யோசித்ததில் என் பெயர் வந்தது. நான் ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்வதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

“ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோக்கா,” என்றாள் ஸ்டெல்லா. “திங்கக்கிழமைதான் மாத்திரை ஆரம்பம். அதுவரைக்கும் அவரு சட்டுன்னு நிறுத்தக் கூடாதாம். அளந்து அளந்து, கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க.”

குடிகாரரைக் குடிக்கச் சொல்கிற டாக்டரை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நம் ஊராக இருந்தால் அவர் வீட்டு ஜன்னலில் கண்ணாடி மிஞ்சியிருக்காது.

சனிக்கிழமை பினாங்கு விமான நிலையத்தில் மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையில் நின்றிருந்தார். பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் தன் காரில் அவரை அழைத்து வந்திருந்தார். இங்கே காருக்குக் காடி என்றே பெயர். நான் ஊரிலிருந்தே மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டுதான் கிட்டே போனேன். ஒரு வாடையும் இல்லை. பவுடர் வாசம் வந்தது.

“வாங்கக்கா. பசியாறிட்டீங்களா?” என்றார், தரையைப் பார்த்தபடி.

பசியாறுவது என்றால் காலைச் சாப்பாடு. நம் ஊரில் ‘டிபன் ஆச்சா’ என்பதைவிட இது எவ்வளவோ மேல். என் பெட்டியை வாங்கினார். பெட்டி கையிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தார். நெற்றியெல்லாம் வியர்வை. விமான நிலையத்துக்குள் குளிர்ந்த காற்று எலும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெட்டியில் தங்கைக்காக அரிசி மாவும் கருப்பட்டியும் அடைத்திருந்தேன். கனம்தான் காரணம் என்று கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

லூனாஸ் கடைத்தெருவில் ரொட்டி சானாய் சாப்பிட நிறுத்தினார்கள். பெயர்தான் வேறு, நம் பரோட்டாவின் சித்தப்பா பிள்ளை. தொட்டுக்கொள்ளப் பருப்புச் சாறும் மீன் குழம்பும் ஒரே தட்டில் ஊற்றுகிறார்கள். கேட்காமலே ஊற்றுகிறார்கள். மாணிக்கம் அண்ணன் நாலு சாப்பிட்டார். மாப்பிள்ளை ஒன்றும் தொடவில்லை. டீ மட்டும் சொன்னார். வந்த கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, கிளாஸின் அருகில் வாயைக் கொண்டுபோய்க் குடித்தார். என்ன பணிவு என்று நினைத்தேன். இப்படிப்பட்ட மனுஷரைப் போய் குடிகாரர் என்று சொன்ன தங்கை மேல் எனக்குக் கோபம் வந்தது.

வீடு ஊரைத் தாண்டித் தோட்டத்து ஓரத்தில், வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் ரப்பர் இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. பார்க்கிற திசையெல்லாம் ஒரே மரம். இதில் வழி தெரிந்து வீடு வந்து சேர்கிறவர்கள் எல்லோரும் புத்திசாலிகள்தான். ஸ்டெல்லா ஷிஃப்ட் முடிந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அடுப்படிக்குக் கூட்டிப் போய், அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த புட்டியைக் காட்டினாள். டாக்டர் சொன்ன அளவு. அதில் ரப்பர் பேண்ட் போட்டு அடையாளம் வைத்திருந்தாள்.

“சொன்னபடி குறைஞ்சிருக்கு பாரு. அளவு மீறலக்கா,” என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

ஞாயிறு காலை மாதா கோயிலில் தமிழ்ப் பூசை. பாட்டுகள் நம் ஊர்ப் பாட்டுகளேதான். ஆனால் எல்லோரும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள், அதுதான் புதுசாக இருந்தது. மாப்பிள்ளை பெஞ்சின் விளிம்பைப் பிடித்தபடியே முழுப் பூசையும் நின்றார். மத்தியானம் சிடாம் கிரி என்ற ஊரில் அவருடைய அண்ணன் வீட்டில் விருந்து. மெர்போக் ஆற்று நண்டு என்று ஒரு சட்டி நிறைய வைத்தார்கள். நண்டு பிரமாதம். இதைச் சொல்லாமல் மேலே போவது நன்றிகெட்டத்தனம்.

விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஆண்கள் பக்கம் பீர் வந்தது. மாப்பிள்ளை என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

“ஏய், நம்ப சவரியா லா இது?” என்றார் அண்ணன். பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடுவது இங்கத்து வழக்கம். “இந்தியாவுலேருந்து அக்கா வந்ததும் சாமியாராயிட்டான். நீங்க இங்கயே இருந்துருங்கம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. வந்த மறுநாளே பலன் என்றால் யாருக்குத்தான் வராது? மாப்பிள்ளை மட்டும் சிரிக்காமல் இலையில் எதையோ விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார். என்ன மாப்பிள்ளை என்று கேட்டேன்.

“எறும்புக்கா. சோத்துல ஏறுது.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இந்த நாட்டு எறும்பு பொடிசாக இருக்கும்போல என்று நினைத்து, என் இலையையும் ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டேன். இப்படிப்பட்ட பொறுப்பான ஆளைத்தான் விமானம் ஏற்றிக் கூட்டி வந்திருந்தார்கள்.

திங்கள் காலை டாக்டர் கைப்பேசியில் வருகிற நாள். ஸ்டெல்லா வேலைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லியிருந்தாள். ஹாலைப் பெருக்கி, பூப்போட்ட மேசைவிரிப்பு போட்டு, கைப்பேசியை அரிசி டின்னில் சாய்த்து வைத்தாள். திரையில் தெரியும் என்று இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக்கூடப் புது மாலை. மாணிக்கம் அண்ணனும் அவர் மனைவி பார்வதியக்காவும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நோயாளியைத் தனியாகப் பேசவிட வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நம் வீடுகளில் டாக்டர் ஒருவரிடம் கேட்டால் ஐந்து பேர் பதில் சொல்வதுதானே முறை.

டாக்டர் நூர் தலையில் முக்காடு போட்ட இளம் பெண். மலாயில் பேசினார். இரண்டு பக்கப் பேச்சையும் ஸ்டெல்லா மாற்றி மாற்றிச் சொன்னாள். நேற்று எவ்வளவு குடித்தார் என்பது முதல் கேள்வி.

“நீங்க சொன்ன அளவுதான் டாக்டர்,” என்றாள் ஸ்டெல்லா.

“அளவா குடிச்சாரு,” என்றார் மாணிக்கம் அண்ணன், கூடவே இருந்து பார்த்தவர் மாதிரி.

“நான் அவரைக் கேட்டேன்,” என்றார் டாக்டர்.

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். “குடிக்கல டாக்டர். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட நிறுத்திட்டேன். அன்னன்னிக்கு உள்ள அளவை வாழைக்கு ஊத்திட்டேன்.”

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான். பார்வதியக்கா அவள் முதுகைத் தடவினார். நானும் கண்ணைத் துடைத்தேன். டாக்டர் முகத்தில் மட்டும் இருந்த சிரிப்பும் போய்விட்டது. மாத்திரை தொடங்கும் முன்னால் நிறுத்தக் கூடாது என்று உங்களிடம் சொன்னேனே, ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். குரல் உயரவில்லை.

“என்னா லா இந்த டாக்டரு,” என்று மாணிக்கம் அண்ணன் எங்களுக்குக் கேட்கிற மாதிரி முணுமுணுத்தார். “மனுஷன் விட்டுட்டேங்கறான், ஏன் விட்டேன்னு கேக்குது.”

மாப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. மேசைவிரிப்பைப் பார்த்துச் சொன்னார். “அக்கா வர்றாங்க. ஸ்டெல்லாவுக்கு அம்மா இல்ல, அப்பா இல்ல, எல்லாம் அவுங்கதான். முதல் தடவையா என் வூட்டு வாசப்படி மிதிக்கிறாங்க. நான் எப்படி வாடையோட போயி அவுங்க முன்னாடி நிக்கிறது?”

அந்த வீட்டில் என்னோடு சேர்த்து எல்லோருக்கும் அது நியாயமான பதிலாகவே பட்டது. மனைவியின் அக்கா வந்திருக்கும்போது ஒருத்தர் குடிக்கலாமா? எனக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அதைத் திங்கட்கிழமைவரை தள்ளிவைக்கச் சொல்ல மருந்துச் சீட்டில் வழியில்லை.

டாக்டர் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். நீட்டினார். திரையில் கைகள் தடதடவென்று ஆடின.

“லைன் சரியில்ல டாக்டர், படம் ஆடுது,” என்றாள் ஸ்டெல்லா.

நான் திரையை விட்டுவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தேன். லைனில் கோளாறு இல்லை. கைதான் ஆடியது. சனிக்கிழமையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த அதே கை. பெட்டி நழுவியது, டீ கிளாஸ், எறும்பு, எல்லாம் ஒரேயடியாக எனக்குப் புரிந்தது. எறும்பு பற்றி நான்தான் சொன்னேன். அதைக் கேட்டதும் டாக்டர் எழுந்து நின்றுவிட்டார்.

உடனே கிளினிக்குக்குக் கொண்டுவாருங்கள், தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். பல வருஷம் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். அப்படி வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னார். ஸ்டெல்லா ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னாள். ஒரு மொடக்கு குடிக்கக் கொடுத்தால் சரியாகிவிடுமே என்றார் மாணிக்கம் அண்ணன். இப்போது மருந்து மட்டும்தான், வீட்டில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர்.

காடியில் பின்சீட்டில் மாப்பிள்ளையை நடுவில் வைத்து நானும் ஸ்டெல்லாவும். தோட்டத்துச் சாலையில் முன்னால் ஒரு லாரி செம்பனைக் குலைகளை மலையாக ஏற்றிக்கொண்டு ஊர்ந்தது. முந்த இடமில்லை. மாணிக்கம் அண்ணன் ஹாரன் அடித்தார். லாரிக்காரர் கையை வெளியே நீட்டி வணக்கம் சொன்னார். அதன் பின்னாலேயே ஊர்ந்ததில் மாணிக்கம் அண்ணனின் காடி சூடேறி, முன்பக்கம் புகை கிளம்பி, நடுச்சாலையில் நின்றுவிட்டது.

இறங்குவதற்குள் மாப்பிள்ளைக்கு வந்துவிட்டது. முதலில் ஒரு சத்தம் போட்டார். பிறகு உடம்பு மரக்கட்டையாக விறைத்தது, பிறகு வெட்டி இழுத்தது. ஸ்டெல்லா ஐயோ மாதாவே என்று கத்தினாள். மாணிக்கம் அண்ணன் காடிச் சாவியை எடுத்து அவர் கையில் திணிக்கப் பார்த்தார். இரும்பு கொடுத்தால் நிற்கும் என்பது அங்கேயும் நம்பிக்கை. நான் அந்தச் சாவியைப் பிடுங்கிப் புல்லில் எறிந்தேன். மூன்று பேருமாக அவரைச் சாலையோரம் இறக்கி ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தலைக்கடியில் என் கைப்பையை வைத்தேன். ஸ்டெல்லா ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். எனக்குப் பயமாக இருந்தது. இதற்கு வேறு வார்த்தை தேட முடியவில்லை. அந்த மனுஷர் செத்துப்போனால் என்னால்தான் சாவார், எனக்கு மரியாதை செய்யப்போய்ச் சாவார் என்று மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

இழுப்பு நின்றது. மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை. பிறகு தெரிந்திருக்க வேண்டும், எழுந்து உட்காரப் பார்த்தார்.

“படுங்க,” என்றேன். “இப்போ எந்த மரியாதையும் வேண்டாம்.”

ஆம்புலன்ஸ் வந்து நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி மருந்து, வைட்டமின், கண்காணிப்பு என்று கொஞ்ச நாள் போனது. இரண்டு நாள் அவர் இந்த உலகத்தில் இல்லை. சுவரில் எறும்பைத் துடைக்கச் சொல்லி மிஸ்ஸியிடம் கெஞ்சினார். இங்கே நர்ஸுக்கு மிஸ்ஸி என்று பெயர். அந்த மிஸ்ஸி சண்டை போடாமல், இதோ துடைக்கிறேன் மாமா என்று சொல்லிவிட்டு ஊசியைப் போட்டார். பிறகு தெளிந்தார். தெளிந்ததும் முதலில் கேட்டது, அக்கா சாப்பிட்டாங்களா என்று.

அக்கா நன்றாகவே சாப்பிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மலாய்க்கார அம்மா நாசி லெமாக் விற்பார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலி, காரச் சம்பல், கால் முட்டை, எல்லாம் கைக்குள் அடங்கும் பொட்டலம். பக்கத்துக் கட்டில் சீனத் தாத்தாவைப் பார்க்க வரும் மகளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருவர் பேசுவது ஒருவருக்குப் புரியாமல், தினமும் சாப்பிட்டோம். பயணத்தில் நான் சேர்த்த ஒரே சிநேகிதம் அது. பெயர்கூடத் தெரியாது.

வீட்டுக்கு வந்த பிறகு டாக்டர் நூர் மறுபடி திரையில் வந்தார். இந்த முறை பார்வையாளர்களை வெளியே அனுப்பச் சொன்னார். மாணிக்கம் அண்ணனும் பார்வதியக்காவும் மனத்தாங்கலோடு போனார்கள். ஆசையைக் குறைக்கிற மாத்திரை தருகிறேன், வாராவாரம் பேசுவோம் என்றார் டாக்டர். அது சுலபம். கஷ்டமானது ஒன்று இருக்கிறது. இந்த வியாதி திரும்பி வரும். குடிக்க ஆசை வந்தால், குடித்தே விட்டால், அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும். மறைத்தால் மறுபடி அந்தச் சாலையோரம்தான். வீட்டில் நீங்கள் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார்.

மாப்பிள்ளை யோசித்தார். ஸ்டெல்லாவிடம் சொன்னால் அழுவாள். மாணிக்கம் அண்ணனிடம் சொன்னால் துணைக்கு வருவார்.

“என்கிட்ட சொல்லட்டும்,” என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வலிப்பு வந்தபோதுகூட அவ்வளவு வெளுக்கவில்லை. “அக்காகிட்டயா? அவுங்ககிட்ட எப்படி டாக்டர் அதெல்லாம்?”

“அவரிடம் மறைக்கப் போய்த்தான் இந்த வலிப்பே வந்தது,” என்றார் டாக்டர்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் எங்கள் இருவருக்கும் ஒரு பரீட்சை. நான் நாற்காலியில். எதிர் நாற்காலி காலி. மாப்பிள்ளை அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டு சுவரிடம் பேசுவார். “இன்னிக்கு மத்தியானம் தோணுச்சு. தண்ணி குடிச்சுட்டு வேலை பார்த்தேன்.” நான், சரி மாப்பிள்ளை என்பேன். உட்காருங்கள் என்றால், பரவாயில்லக்கா என்பார். சில நாள் ஸ்டெல்லாவிடம் சொல்லி, அவள் வந்து என்னிடம் சொல்வாள். இரண்டடி தூரத்தில் இருப்பவருக்கு மொழிபெயர்ப்பாளர். திருப்பி அனுப்புவேன். கவுண்டரில் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருப்பேன், இது ஒரு விஷயமா? நான் புறப்படுகிற வாரம்தான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

“நான் போன பிறகும் சாயங்காலம் சொல்லணும். போன்ல,” என்றேன். சரிக்கா என்றார். போனால் போதும் என்று சொன்ன மாதிரிதான் இருந்தது.

ஆனால் கூப்பிட்டார். பாளையங்கோட்டையில் நான் டீ போடுகிற நேரத்துக்குக் கைப்பேசி அடிக்கும். அங்கே ராச்சாப்பாடு முடிந்திருக்கும். திரையில் அவர் முகம் பாதி, மேசைவிரிப்பு பாதி. “இன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா.” ஒரு வரி, அவ்வளவுதான். இரட்டைக் கோபுரம் எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு, உயரமாக இருக்கிறது என்று சொல்லி வந்தேன்.

போன வாரம் கூப்பிட்டார். சிடாம் கிரியில் அண்ணன் மகள் கல்யாணம் என்று முன்பே தெரியும். நல்லபடி நடந்ததா என்றேன். நடந்துச்சு என்றார். சட்டை கசங்காமல் இருந்தது. பேச்சு குழறவில்லை. கைகூட ஆடவில்லை, நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பிவிட்டு டீயைக் குடித்திருப்பேன். கைப்பேசியில் வாடை வராது.

கைப்பேசியை நேராக நிமிர்த்தினார். முழு முகமும் தெரிந்தது. என் கண்ணைப் பார்த்தார்.

“அக்கா, குடிச்சேன். ரெண்டு கிளாஸ்.”

திட்டத் தோன்றியது. அடுத்த நிமிஷமே அழுகையும் வந்தது. “டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?” என்றேன்.

“இல்லக்கா. முதல்ல உங்ககிட்டதான்.”